46 வயதில் ஆலை வேலையை விட்டுச் சட்டம் படிக்கலாமா?

கேள்வி: நொய்யல்கரையான்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பம்புசெட் உதிரிபாகங்கள் வார்க்கும் ஒரு பவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 46. பி.காம். பட்டதாரி. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக் கடன் இன்னும் சில ஆண்டுகளுக்கு உண்டு.

எங்கள் ஆலையின் மோல்டிங் பிரிவில் நெடுங்காலம் உழைத்த ஒருவருக்கு, ஒப்பந்ததாரர்கள் அவ்வப்போது மாறியதைக் காரணம் காட்டிப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) மறுக்கப்பட்டது. சம்பளச் சீட்டுகள், வருகை அட்டைகள், ஈ.எஸ்.ஐ. அட்டை எல்லாவற்றையும் அவர் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். மாலை நேரங்களில் அவருடன் உட்கார்ந்து அவற்றை ஆண்டுவாரியாக அடுக்கியபோது, ஒப்பந்ததாரரின் பெயர் மட்டுமே மாறியிருந்ததும், ஈ.எஸ்.ஐ. எண்ணும் வேலை செய்த பிரிவும் தொடக்கம் முதல் ஒன்றாகவே இருந்ததும் தெரியவந்தன. அந்தக் கட்டுதான் அவருடைய வழக்குக்கு முதுகெலும்பாக அமைந்தது. பணம் வட்டியோடு கிடைத்தது. என் பணிக்காலத்தில் அந்த மாலைகள் தந்த நிறைவை வேறெதுவும் தந்ததில்லை. அன்றிலிருந்து, தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

இந்த வயதில் சட்டக் கல்லூரியில் சேர முடியுமா? வேலையில் இருந்துகொண்டே படிக்க வழி உண்டா? குடும்பத்தைத் தள்ளாட விடாமல் இதைச் செய்வது எப்படி? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: தாமிரபரணி

ஐயா, காப்பீட்டுத் துறையில் பணியாற்றி, ஐம்பதைத் தாண்டிய பிறகு வழக்கறிஞராகப் பதிவு செய்தவன் நான். திருநெல்வேலியில் தொழில் செய்கிறேன்.

முதலில் வயது. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு 30 வயது என்ற உச்சவரம்பு வைக்கப்பட்டிருந்தது. அதை எதிர்த்துப் பல வழக்குகள் நடந்து, 2017இல் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகு அந்த வரம்பு நடைமுறையில் இல்லை. தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் படிப்புக்கான சேர்க்கை பட்டப்படிப்பு மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது. உங்கள் ஊரிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்கிறீர்களா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அடிப்படைப் பள்ளிக் கல்வி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் பெற்றவர்களுக்கு இந்தப் படிப்பில் இடமில்லை.

வேலையில் இருந்துகொண்டே படிக்கும் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை வேண்டும், வகுப்புகள் பகலில் நடக்கும், அஞ்சல் வழிச் சட்டப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்யவும் முடியாது. வகுப்புக்கே வர வேண்டாம், பட்டம் வாங்கித் தருகிறோம் என்று வெளிமாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லி வருகிற தரகர்களிடம் சிக்கிவிடாதீர்கள். நாளை உங்களை நம்பி வருகிற தொழிலாளியின் வழக்கில் உங்கள் பட்டத்தையே எதிர்த்தரப்பு கேள்விக்குள்ளாக்கும் நிலை வரக் கூடாது.

பதிவுச் செலவு முன்பு பெரிய சுமையாக இருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டம் விதித்துள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினர், பழங்குடியினராயின் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பதிவுக்குப் பிறகு அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் இரண்டு ஆண்டுகளுக்குள் தேற வேண்டும். அதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்கும். என் சீனியர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய கட்டுகளைச் சுமந்துகொண்டு நீதிமன்ற வராந்தாவில் நிற்பதற்கு மனம் பழக வேண்டியிருந்தது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது உண்மைதான். ஆனால் அதை நம்பி வீட்டுக் கடன் தவணையைக் கணக்கிடாதீர்கள். படிப்புக் காலத்தையும் சேர்த்து ஆறு ஆண்டுகளுக்கு வருமானம் இல்லை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: பவுண்டரியில் உலைக்குப் பக்கத்தில் நின்றவருக்கு, குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வி எங்கே கேட்கப்பட வேண்டும் என்பது எந்தப் புத்தகமும் கற்றுத்தராத அளவுக்குத் தெரிந்திருக்கும்.

பதில்: பவானிக்கூடல்

வைப்புநிதி, ஓய்வூதியக் கணக்குகளில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவன் என்ற முறையில் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வேலையை விடும்போது, பத்தாண்டுப் பணியை முடித்திருந்தால், வைப்புநிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்கான உங்கள் பணிக்காலத்தைக் காட்டும் திட்டச் சான்றிதழைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். முழு ஓய்வூதியம் 58 வயதில்தான் கிடைக்கும். 50 வயதிலிருந்தே பெறலாம் என்றாலும், 58க்குக் குறைகிற ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வெட்டப்பட்டு, அந்தக் குறைந்த தொகையே ஆயுள் முழுக்க வரும். ஆகவே, படிப்புச் செலவை அதிலிருந்து சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். பணிக்கொடையை வீட்டுக் கடனின் அசலில் கட்டித் தவணையைக் குறைத்துக்கொண்டால் மாதச் சுமை கணிசமாக இறங்கும்.

பலரும் கவனிக்கத் தவறுவது மருத்துவக் காப்பீடு. நிறுவனத்தின் குழுக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனியாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரிடலாம். எனவே வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்து அந்தக் காலத்தை ஓட விடுங்கள். மகளின் கல்லூரிச் செலவும் உங்கள் படிப்பும் ஒரே ஆண்டில் தொடங்குவதையும் முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

பதில்: பெரம்பூர்வாசி

தோழரே, நீங்கள் விவரித்த அந்த மாலை நேர வேலையைச் செய்வதற்கு வழக்கறிஞர் பட்டம் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்தீர்களா? தொழிலாளர் நீதிமன்றங்களில் பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகி ஒருவர் தொழிலாளிக்காக நேரடியாக வாதாடலாம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 36ஆம் பிரிவாக இருந்த இந்த உரிமை, அதற்கு மாற்றாக வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. வழக்கறிஞர் ஒருவர் அங்கே ஆஜராவதற்குத்தான் எதிர்த்தரப்பின் சம்மதமும் மன்றத்தின் அனுமதியும் வேண்டும். கறுப்பு அங்கி அணியாத எத்தனையோ சங்க நிர்வாகிகள் இந்த மன்றங்களில் வாழ்நாளெல்லாம் வாதாடியிருக்கிறார்கள். 1918 ஏப்ரலில் எங்கள் பகுதியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதற்கு உழைத்த செல்வபதி செட்டியார் ஒரு வணிகர்.

ஆலைக்கு வெளியே இருப்பவர்களும் சட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் சங்க நிர்வாகிகளாக இருக்கலாம். ஆனால், நீங்கள் மேற்பார்வையாளராக இருக்கிற அதே ஆலையில் இதைத் தொடங்குவது உங்களுக்கும் தொழிலாளிகளுக்கும் ஆபத்து. வேறு பகுதியில் இயங்கும் சங்கம் ஒன்றில், விடுமுறை நாட்களில் ஆவணங்களை அடுக்கிக் கொடுக்கும் வேலையிலிருந்து தொடங்குங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் சார்ந்த தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது; அதற்கும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு இதைச் செய்த பிறகும் நீதிமன்றத்தில் நின்றே தீர வேண்டும் என்று தோன்றினால் கல்லூரிக்குப் போங்கள்.

மறுமொழி: நொய்யல்கரையான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சங்க நிர்வாகி வாதாடலாம் என்ற செய்தி எனக்குப் புதிது. மனைவியுடன் பேசினேன், மகள் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு கழியட்டும், அதுவரை வேலையை விட வேண்டாம் என்கிறார். எனக்கும் அது சரியாகப் படுகிறது. இடைப்பட்ட காலத்தில் சிங்காநல்லூர்ப் பக்கம் இருக்கிற ஒரு பஞ்சாலைச் சங்கத்தில் போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன். அங்கே என்னைப் போன்ற மேற்பார்வையாளரை நம்பிச் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான் தயக்கம்.

பதில்: பெரம்பூர்வாசி

முதல் நாளே நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. உங்கள் மோல்டிங் பிரிவு நண்பரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நடந்ததை அவர் வாயாலேயே சொல்லட்டும்.