புதுப்பிப்பு: குல்மார்க் பனிச்சறுக்குக்கு என்னென்ன எடுத்துப் போகிறேன்

காஷ்மீரில் உள்ள குல்மார்க் பயணத்துக்குச் சுற்றுச்சூழலைக் கெடுக்காத பனிச்சறுக்குச் சாமான்கள் எவை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி, முடிவு செய்துவிட்டேன்.

பலகை, பூட்ஸ், ஹெல்மெட் மூன்றும் அங்கேயே வாடகைக்கு. சேலத்தில் அவற்றை வாங்கிப் பரணில் போட்டு வைப்பது வீண்.

ஜாக்கெட் அத்தை மகனுடையது. தண்ணீரை உறிஞ்சுகிறது என்று ஒதுக்கி வைத்திருந்தான். ஜிப்பை மூடித் துவைத்து, உலர்ந்தபின் மேலே ஒரு மெல்லிய துண்டை விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன். (லேபிளில் இஸ்திரிக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.) சூடு பட்டதும், துணியில் தண்ணீர் ஒட்டாமல் தடுக்கும் பழைய பூச்சுக்கு உயிர் வந்துவிட்டது. ஏற்காடு ஒண்டிக்கடை அருகே சாரலில் நின்று பார்த்தேன். தோள்பட்டையில் விழுந்த துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடின. புதிதாக வாங்கச் சொன்னவர்கள் மன்னிக்கவும்!

பலகை நன்றாக வழுக்க அடியில் பூசும் மெழுகு பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஃப்ளோரின் கலந்தது வேண்டாம். பனி உருகும்போது அது மண்ணிலும் நீரிலும் சேர்கிறது, எளிதில் சிதைவதில்லை. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பே 2023-24 பருவம் முதல் போட்டிகளில் அதைத் தடை செய்துவிட்டது.

கையுறை மட்டும் இன்னும் அமையவில்லை. யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள். என் கை சற்றுப் பெரிது.