புதுப்பிப்பு: மருத்துவரான எனக்கும் ஒரு மருத்துவர் கிடைத்தார்

தலைவலிக்கு நானே இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை போட்டுக்கொண்டு, கூட வேலை பார்ப்பவர்களிடம் காட்டத் தயங்குவதாக எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"வேறு மருத்துவமனையில், பழக்கமில்லாதவரிடம் நோயாளியாகவே போங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அவர் என்னை ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி இரண்டு முறை ரத்த அழுத்தம் அளந்தார்: 164/102, அதிகம்தான். எதிர்பார்க்காதது, நான் விழுங்கிய இபுபுரூஃபனே ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பது. நோயாளிகளிடம் எத்தனையோ முறை சொன்னதுதான், எனக்கென்று வந்தபோது தோன்றவே இல்லை. அதை நிறுத்தி, அழுத்த மாத்திரை தொடங்கி ஆறு வாரமாகிறது; இப்போது 128/80. தலைவலியும் இல்லை.

அப்புறம், சொந்த உடல்நலத்தையும் கவனிப்பேன் என்ற உறுதி 2017இல், மருத்துவர்களின் உறுதிமொழியான ஜெனீவா பிரகடனத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. தயங்குபவர்கள், "நான் மருத்துவர்தான், ஆனாலும் எல்லாக் கேள்வியும் கேளுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.