பழைய பாப்-அப் கேம்பர்: கூரை ஒரு மூலையில் பின்தங்குகிறது, 80-ஐத் தாண்டினால் வால் ஆடுகிறது

கேள்வி

வணக்கம். 12 வருடப் பழைய பாப்-அப் கேம்பர் டிரெய்லர் (கார் இழுத்துப் போகும் முகாம் வண்டி; கூரையை ஏற்றினால் கேன்வாஸ் சுவர் விரியும்). கடைசி இரண்டு வருடம் அசையாமல் கொட்டகையில் நின்றிருக்கிறது. அதை நீண்ட பயணத்துக்குத் தயார் செய்ய வேண்டும்.

வெறும் எடை 610 கிலோ, சாமான் ஏற்றிய பின் 760. ஒற்றை அச்சு, 12 அங்குலச் சக்கரம், மின்சார பிரேக். அச்சிலிருந்து கொண்டி (டிரெய்லரைக் காரோடு இணைக்கும் இடம்) வரை 3.6 மீட்டர். காரின் இழுவை வரம்பு 1000 கிலோ. கொண்டியின் மேல் 75 கிலோவுக்கு மேல் அழுத்தக் கூடாது என்கிறது காரின் கையேடு.

பிரச்சினைகள் இவை. கூரையை ஏற்றும்போது பின்பக்க வலது மூலை மற்ற மூன்றையும்விட 5 செ.மீ. தாழ்ந்தே வருகிறது, முழு உயரத்திலும் அது சரியாவதில்லை. சாலையில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடுகிறது. பின்னால் இரண்டு சைக்கிள்கள் ஸ்டாண்டோடு (மொத்தம் 36 கிலோ), பின்பெட்டியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. பாத்ரூம் தராசில் பார்த்தால் கொண்டியில் 44 கிலோ காட்டுகிறது. பருத்திக் கேன்வாஸில் கரும்புள்ளிகள் இருக்கின்றன, மழையில் கட்டில் மூலையில் சொட்டுகிறது. எதில் தொடங்குவது?

பதில் 1

கூரையில் தொடங்குங்கள். அது சரியாகும் வரை அதன் அடியில் யாரும் படுக்க வேண்டாம்.

பெரும்பாலான பாப்-அப்களில் முன்பக்கம் ஒரே வின்ச் (கைப்பிடியால் வடத்தைச் சுருட்டும் கருவி). அதன் கம்பிவடம் தரைக்கு அடியில் ஒரு இணைப்புத் தகட்டை இழுக்கும். அந்தத் தகட்டிலிருந்து நான்கு மூலைக்கும் தனித்தனி வடம் பிரிந்து, கப்பி வழியாகப் போய், குழாய்க்குள் இருக்கும் நீண்ட சுருள் ஸ்பிரிங்கைத் தள்ளும். ஸ்பிரிங் தள்ளத் தள்ள, ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய தூண் மேலே எழும். ஆகவே ஒரு மூலை மட்டும் பின்தங்கினால் வின்ச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. கோளாறு அந்த மூலையின் வடத்திலோ, கப்பியிலோ, ஸ்பிரிங்கிலோ, தூணிலோதான்.

எது என்று பிரித்தறிய ஒரு சோதனை. நான்கு தாழ்ப்பாளும் திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, கூரையை 30 செ.மீ. மட்டும் ஏற்றுங்கள். இன்னொருவர் வெளியே நின்று அந்த மூலையை உள்ளங்கையால் மெல்ல மேலே தூக்கட்டும். லேசாகத் தூக்கியதும் மூலை சரசரவென்று ஏறி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டால், தூணில் அழுக்கு அல்லது துரு பிடித்து உராய்கிறது. தூக்கினாலும் கையை எடுத்ததும் பழையபடி இறங்கிவிட்டால், வடம் நீண்டிருக்கிறது அல்லது அதன் முனையைப் பிடிக்கும் கிளாம்ப் நழுவியிருக்கிறது.

உராய்வு என்றால் தூண்களைத் துணியால் துடைத்து, உலர் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ வேண்டாம். புழுதி ஒட்டிப் பசையாகி, ஒரே பருவத்தில் இன்னும் மோசமாக்கும். கப்பிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாத கப்பியின் மேல் வடம் வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடத்தில் இழைகள் தட்டையாகப் பளபளக்கும். ஒரு இழை அறுந்து முள்போல் நின்றாலும் வடத்தை மாற்றிவிட வேண்டும். பழந்துணியால் பிடித்து வடத்தை உருவினால், முள் துணியில் மாட்டும். வெறுங்கையால் உருவாதீர்கள்.

வடம் நீண்டது என்றால் இணைப்புத் தகட்டுப் பக்கம் மரை வெட்டிய முனை இருக்கும். நட்டை அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருகி நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் 5 செ.மீ. என்பது அதிகம். அவ்வளவும் மரையிலேயே சரிக்கட்ட வேண்டியிருந்தால், அந்த வடத்தின் ஆயுள் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடியில் வேலை செய்யும் முன், பெட்டியின் விளிம்புக்கும் கூரைக்கும் இடையே நான்கு மூலையிலும் அளவாக அறுத்த மரமுட்டு கொடுங்கள். வடத்தை மட்டும் நம்பித் தலையை உள்ளே விட வேண்டாம்.

வின்ச் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். பிரேக் வைத்த வின்ச் என்றால் பல்சக்கரத்துக்கும் புஷ்ஷுக்கும் எண்ணெய் விடலாம், உராய்வுத் தட்டுகளுக்கு ஒரு துளிகூடப் படக் கூடாது. பட்டால் கைப்பிடியை விட்டதும் கூரை தானாக இறங்கும். ஏற்றி இறக்கும் வேலை முடிந்ததும் ஏற்றும் திசையில் குறைந்தது இரண்டு 'கிளிக்' கேட்கும்வரை திருப்பி நிறுத்துங்கள், பிரேக் பூட்டிக்கொள்ளும். அடுத்தது, இறக்கும்போது வடம் தொய்ந்து கூரை மட்டும் அசையாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள். எங்கோ ஒரு தூண் சிக்கியிருக்கிறது. மேலும் சுற்றினால் அது திடீரென்று விடுபட்டு மொத்தமும் விழும். மறுபடி ஏற்றும் திசையில் சுற்றி வடத்தை விறைப்பாக்கிவிட்டு, பிறகு சிக்கலைத் தேடுங்கள்.

முழு உயரம் வந்ததும் வடத்தில் பெயின்ட்டால் ஒரு அடையாளம் வையுங்கள். அதற்கு மேல் ஒரு சுற்று சுற்றினாலும் ஸ்பிரிங் கோணும்.

பதில் 2

வால் ஆடுவதற்கான காரணம் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. 760 கிலோ வண்டிக்கு முன்பாரம் (கொண்டியை அழுத்தும் எடை) 44 கிலோ என்றால் 6 சதவீதம்கூட இல்லை. இந்த வகை டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொண்டியில் இருந்தால்தான் நேராக ஓடும். பின்பாரம் ஏறிய மாட்டுவண்டியின் நுகம் மேலே தூக்கும் அல்லவா, அதே கதைதான்.

உங்கள் காரின் வரம்பு 75 கிலோ. ஆகவே மொத்த எடை 750-க்கு உள்ளே இருந்தால்தான் 10 சதவீதமும் வரம்பும் ஒத்துப்போகும்.

எதை நகர்த்தினால் எவ்வளவு மாறும் என்பதற்கு எளிய கணக்கு: பொருளின் எடை × அது நகரும் தூரம் ÷ அச்சிலிருந்து கொண்டி வரையுள்ள தூரம். சைக்கிள்கள் அச்சுக்கு 1.8 மீட்டர் பின்னால் தொங்குவதாக வைத்துக்கொள்வோம். 36 × 1.8 ÷ 3.6 = 18. அவற்றைக் கழற்றிக் காரின் மேல் ஏற்றினாலே முன்பாரம் 62 ஆகிவிடும், மொத்தம் 724-க்கு இறங்கும். தண்ணீர் கேன்கள் அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் இருந்தால், அவற்றை அச்சுக்கு நேர் மேலே தரையில் வைத்துக் கட்டுங்கள்: 40 × 0.9 ÷ 3.6 = 10. இப்போது 72 கிலோ, அதாவது 10 சதவீதம். ஒரு கிலோகூட கூடுதலாக ஏற்றவில்லை. தூரங்களை உங்கள் வண்டியில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், நான் எடுத்தது உத்தேசம்.

தராசில் பார்க்கும் முறையும் சரியாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, வண்டி ரசமட்டத்தில், கப்ளர் (காரில் மாட்டும் டிரெய்லரின் மூக்குமுனை) காரில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில். தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி அதன்மேல் கப்ளரை இறக்குங்கள், முன்ஜாக்கியின் கால் தரையைத் தொடக் கூடாது. மூக்கு மேலே தூக்கியபடி அளந்தால் குறைத்துக் காட்டும்.

காரின் பின்னால் கப்ளர் உட்காரும் இரும்பு உருண்டையின் ('பால்') அளவையும் பாருங்கள். 1⅞ அங்குல பாலில் 2 அங்குலக் கப்ளர் உட்கார்ந்துவிடும், தாழ்ப்பாளும் விழும். ஆனால் முதல் பெரிய குழியில் துள்ளிக் கழன்றுவிடும். இரண்டிலும் அளவு பொறித்திருக்கும். பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொண்டிக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். மின்சார பிரேக்கின் கைநெம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் மெல்ல அழுத்துங்கள். அது வண்டியைப் பின்னால் இழுத்து நேராக்கும்.

பதில் 3

இதில் ஒன்று விட்டுப்போயிற்று. டயர். பள்ளம் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான். டிரெய்லருக்கென்றே வரும் டயரில், பக்கவாட்டில் எழுதிய அதிகபட்சக் காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். காற்றுக் குறைந்த டயரும் வால் ஆட ஒரு காரணம். சக்கர நட்டுகளை மாட்டியபின், 80 முதல் 150 கி.மீ. ஓட்டியதும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.

விளக்கு ஒன்று எரிந்து ஒன்று மங்கினாலோ, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து துடித்தாலோ, பல்பை மாற்றும் முன் எர்த் ஒயரைச் சட்டத்தில் இறுக்கியிருக்கும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். பத்தில் எட்டு முறை அங்கேதான் துரு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அச்சின் முனையில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. கிரீஸ் கன்னால் அடித்துவிட்டால் பேரிங்கைக் கழற்றாமல் விடலாமா?

பதில் 2

இரண்டு வருடம் நின்ற வண்டியில் கூடாது. அசையாமல் நின்ற பேரிங்கில் ஈரம் இறங்கினால், உருளைகள் உட்கார்ந்திருந்த இடத்தில் ரேஸில் (உருளைகள் ஓடும் வளையத்தில்) சம இடைவெளியில் கோடு கோடாக அரித்திருக்கும். புது கிரீஸ் அதை மறைக்குமே தவிர ஆற்றாது. சின்னச் சக்கரம் காரின் சக்கரத்தைவிட வேகமாகச் சுழல்வதால் அந்தக் கோடுகள் சீக்கிரமே சூட்டைக் கிளப்பும். நிப்பிளில் கன்னை வேகமாக அழுத்தினால் பின்பக்கச் சீல் பிதுங்கி கிரீஸ் பிரேக் ஷூவில் ஏறிவிடும் என்பது இன்னொரு ஆபத்து.

ஜாக்கியைச் சட்டத்தில், அச்சு சேரும் இடத்துக்கு அருகே வையுங்கள். அச்சுக் குழாயின் நடுவில் வைத்தால் வளையும். நான்கு மூலையில் இருக்கும் கால்கள் வண்டி ஆடாமல் நிற்க மட்டுமே, அவற்றால் வண்டியைத் தூக்கக் கூடாது. ஹப்பைக் (பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியை) கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் முழுவதும் கழுவி, காய விடுங்கள். கோடு, குழி, நீலம் பாய்ந்த நிறம் ஏதாவது தெரிந்தால் பேரிங்கையும் ரேஸையும் ஜோடியாக மாற்றுங்கள். சீல் எப்படியும் புதிது.

கிரீஸ் ஏற்ற: உள்ளங்கையில் நெல்லிக்காய் அளவு லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ். பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். எதிர்ப்பக்கத்தில் உருளைகளுக்கு இடையே புழுப்போல் கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். ஒரு இடத்தில் வந்ததும் சற்றுத் திருப்பி அடுத்த இடம், ஒரு முழுச் சுற்று முடியும்வரை.

மாட்டும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை 68 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள், அப்போதுதான் உருளைகள் உட்காரும். பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் மறுபடி இறுக்குங்கள். காட்டர் பின் (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) துளை நேர்வராவிட்டால் தளர்த்தும் பக்கம்தான் நகர்த்த வேண்டும். பின்னை மடக்குங்கள், பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். முதல் 30 கி.மீ. ஓடியதும் ஓரமாக நிறுத்தி இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சுட்டால் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறக்க வேண்டும்.

பதில் 1

கேன்வாஸ் யாரும் தொடவில்லை.

கரும்புள்ளி பூஞ்சை. நல்ல வெயிலில் முழுக்க விரித்துக் காய வைத்து, மென்மையான பிரஷ்ஷால் உதறுங்கள். பிறகு ஒரு பங்கு வெள்ளை வினிகர், நான்கு பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, வெறும் தண்ணீரில் அலசுங்கள். பூஞ்சை செத்தாலும் கறை ஓரளவு நிற்கும், அதைப் போக்கவென்று பிளீச் போட்டால் பருத்தி நூல் இற்றுவிடும். துணிசோப்புத் தூளும் வேண்டாம், அதன் மிச்சம் தண்ணீரை உள்ளே இழுக்கும். நன்றாகக் காய்ந்தபின் பருத்திக்கான, காற்று புகும் வகை நீர்விலக்கித் திரவத்தை அடியுங்கள்.

மூலையில் சொட்டுவது துணியால் என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, மற்றவர் ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாகப் போகட்டும். ஒவ்வொரு மட்டத்திலும் ஐந்து நிமிடம் நின்று தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எது ஒழுகுகிறது என்றே தெரியாது. தையலில் மட்டும் கசிந்தால் நனைத்துக் காய வைப்பதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நூலும் துணியும் உப்பி ஊசித்துளை அடையும். மிச்சத்துக்குத் தையல் சீலர். கூரை விளிம்பிலிருந்து வந்தால், அந்த உலோகப் பட்டையைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து மூடுங்கள். அங்கே சிலிக்கான் பூச வேண்டாம். அதன்மேல் பின்னால் வேறெதுவும் ஒட்டாது.

ஒழுகிய மூலைக்குக் கீழே தரைப்பலகையைத் திருப்புளி முனையால் குத்திப் பாருங்கள். முனை மரத்தில் தங்கினால் நல்லது, பிஸ்கட்போல் உள்ளே இறங்கினால் அந்தப் பலகை மாற்ற வேண்டியது.

கூரையை இறக்கும்போது ஒரு ஜன்னல் ஜிப்பைச் சற்றுத் திறந்து விடுங்கள், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறட்டும். இல்லாவிட்டால் துணி பலூன்போல் உப்பி வெளியே பிதுங்கும். பாதி உயரத்தில் நிறுத்தி, வண்டியைச் சுற்றி வந்து, நான்கு தூண் பக்கமும் துணியை உள்ளே தள்ளுங்கள். தூணுக்கும் கூரைக்கும் நடுவே மாட்டிய துணி ஒரே மடிப்பில் வெட்டிக் கிழியும். மழையில் ஈரத்தோடு மூட வேண்டி வந்தால் 24 மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து, தையல் மடிப்புகள் தொட்டால் உலர்ந்திருக்கும்வரை காய விடுங்கள். துணி காய்ந்த பிறகும் மடிப்புக்குள் ஈரம் நிற்கும்.