தண்டப்பணமும் குடிச் சிகிச்சையும்: உங்களுக்கு எப்படி முடிந்தது?

சிட்னியிலிருந்து ஒரு அக்கா:

தம்பியின் குடியைப் பற்றி நிறையப் புலம்பியாயிற்று, அதை விடுவோம். இது அவன் கட்ட வேண்டியிருந்த தண்டப்பணத்தின் கதை.

குடித்துவிட்டு ஓட்டியதற்கு நீதிமன்றம் போட்டது ஒன்று. அதோடு டிக்கெட் இல்லாமல் ரயில் ஏறியது, பதிவு முடிந்த காரை ஓட்டியது என்று சேர்ந்தவை வேறு. நீதிமன்றத் தண்டத்தை 28 நாளுக்குள் கட்டாவிட்டால் அது தண்டம் வசூலிக்கும் மாநில அரசு அலுவலகமான ரெவென்யூ நியூ சவுத் வேல்ஸின் கைக்குப் போகும், மேலதிகச் செலவும் ஏறும். இவனோ கடிதம் பிரிக்கிற ஆளே இல்லை. குசினி லாச்சியில் பீட்சாக் கடை மெனுக்களுக்குக் கீழே, ஒட்டின உறையோடு ஒரு கட்டு கிடந்தது.

வான் ஓட்டுவதுதான் அவன் வேலை. குடிக்காக நீதிமன்றம் லைசன்ஸைப் பறித்த காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் தண்டம் கட்டாததால் லைசன்ஸ் நிறுத்தத்திலேயே இருந்தது. ஓடாமல் காசு இல்லை, காசு கட்டாமல் ஓட முடியாது. அந்த நிலையிலும் ஓடிப் பிடிபட்டவர்கள் இருக்கிறார்கள். அது இன்னொரு வழக்கு.

இதற்கு ஒரு வழி உண்டென்று அவன் போய்வந்த சிகிச்சை நிலையத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம்தான். இலவச சட்ட உதவிக்குப் போன இடத்தில் ஒரு வழக்கறிஞர்தான், "டபிள்யூ.டி.ஓ. போட்டாச்சா?" என்று கேட்டார்.

அதன் முழுப்பெயர் வேர்க் அண்ட் டெவலப்மென்ட் ஓடர். 2009இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, பிறகு நிரந்தரமாக்கிய திட்டம். கடுமையான போதைப் பழக்கம், மனநோய், வீடின்மை, கடும் பண நெருக்கடி போன்றவை இருந்தால் தண்டத்தைக் காசாகக் கட்டாமல் சிகிச்சையாலேயே கழிக்கலாம். மருத்துவத் திட்டப்படி ஒரு மாதம் ஒழுங்காகப் போனால் 1000 டொலர் வரை கழியும். கவுன்சலிங் என்றால் மணிக்கு 50 டொலர்.

ஆனால் நாங்களாக விண்ணப்பிக்க முடியாது. ஸ்பொன்சராகப் பதிவான நிறுவனமோ மருத்துவப் பணியாளரோதான் போட வேண்டும். அப்புறம் மாதாமாதம் வருகையைப் பதிவதும் அவர்கள்தான். நாங்கள் வேறு இடத்தில் ஒரு தாதியைப் பிடித்தோம். நல்ல மனுசி. ஓடர் கிடைத்ததும் லைசன்ஸ் தடை நீங்கியது. முதல் மாதம் முடிந்து, மீதி எவ்வளவு என்று ஃபோனில் கேட்டவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "சும்மா இருந்து கதைச்சதுக்கா அக்கா?" என்றான்.

நடுவில் ஒரு மாதம் சறுக்கி, பாதி வகுப்புக்குத்தான் போனான். அந்த மாதத்துக்கு முழுத் தொகை கழியவில்லை. ஓடர் ரத்தாகவில்லை.

மெல்பேர்ணிலிருந்து:

அக்கா, விக்டோரியாவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு, பெயர் வேர்க் அண்ட் டெவலப்மென்ட் பெர்மிட், 2017இலிருந்து. என் மச்சானுக்கு எடுத்தோம். ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே அது பார்க்கிங், வேகம், டோல் போன்ற தண்டங்களுக்குத்தான். நீதிமன்றத்தில் நீதவான் விதித்த தண்டம் அதில் சேராது, அதற்கு நீதிமன்றத்திடமே போய்க் கேட்க வேண்டும். உங்களூரில் இரண்டும் சேர்ந்து போவது பெரிய விஷயம். மச்சானுக்கு டோல் கடன் கழிந்தது, நீதிமன்றக் கடனைத் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சிட்னி வென்ட்வர்த்வில்லிலிருந்து:

அப்பாவுக்குத் தமிழ் டொக்டர்தான் பார்க்கிறார். ரிஹாப், அதுதான் குடி மறுவாழ்வு நிலையம், அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறார், ஊர்ச்சனம் பார்த்துவிடுமாம். டொக்டரே ஓடருக்கு விண்ணப்பம் போடலாமா?

சிட்னி அக்கா:

போடலாம், அவர் ஸ்பொன்சராகப் பதிந்திருந்தால். பதியாதவர் என்றால் பதியச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் வேறு ஆளைத் தேடலாம். போகும்போது கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், பிரிக்காததையும் சேர்த்து. அப்பாவுக்கு வெட்கமாக இருந்தால் நீங்களே முதலில் தனியாகப் போய்க் கதையுங்கள்.