ஃபிளாக் கோப்புகளை எதற்கு மாற்றுவது: எம்பி3யா, ஓபஸா?

காவேரிப்பட்டணத்தான்: அப்பா சேர்த்துவைத்த நாதஸ்வர, கர்நாடக இசை சிடிக்களை, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாகக் கணினியில் ஏற்றிவிட்டேன். ஒரு மணி நேரக் கச்சேரி சுமார் 350 மெகாபைட் பிடிக்கிறது. என் பழைய பிளேயர் 32 ஜிபி கார்டுக்கு மேல் ஏற்காது. தினமும் ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது கேட்க, எதற்கு மாற்றலாம்?

பாலக்கோட்டுக்காரன்: எம்பி3. எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரில் (மாற்றும் மென்பொருள்) வி0 என்ற உயர்தர அமைப்பை வையுங்கள். சராசரியாக நொடிக்கு 245 கிலோபிட், மணிக்கு 110 மெகாபைட். பிளேயர், கார், மாந்தோப்புக்குப் போகும் டிராக்டரின் செட், எதில் போட்டாலும் பாடும். காப்புரிமைச் சிக்கலும் 2017-இலேயே முடிந்துவிட்டது.

அதியமான்கோட்டை: டிராக்டரை வைத்தா கச்சேரிக்குத் தரம் முடிவு செய்வது? ஓபஸ் எம்பி3யைவிடப் புதிய சுருக்க வடிவம், 2012-இல் தரப்படுத்தப்பட்டது. 128 கிலோபிட்டிலேயே பெரும்பாலானோர் காதுக்கு மூலத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. மணிக்கு 58 மெகாபைட்தான். அதைவிட முக்கியமான ஒன்று: ராகம், தானம், பல்லவியை சிடியில் பெரும்பாலும் தனித்தனி டிராக்காகப் பிரித்திருப்பார்கள். எம்பி3 என்கோடர் ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சிறிது மௌனத்தைச் சேர்த்துவிடும். தானம் முடிந்து பல்லவிக்குள் நுழையும் இடத்தில், தவில்காரர் ஓர் அடியை விட்டுவிட்டதுபோல ஒரு வெட்டு விழும். அதை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு காது அதையே தேடும். ஓபஸில் எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கு வடிவத்திலேயே இருக்கிறது.

பாலக்கோட்டுக்காரன்: லேமும் அந்தக் கணக்கைக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதிவைக்கிறது. அதைப் படிக்காதது பிளேயரின் குற்றம். அது கிடக்கட்டும், அவருடைய பிளேயர் ஓபஸைத் திறக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

தொப்பூர் மேடு: ஏன் மாற்ற வேண்டும் என்று யாருமே கேட்கவில்லையே! 32 ஜிபியில் ஃபிளாக்காகவே எண்பது கச்சேரிக்கு மேல் அடங்கும். மாதம் ஒருமுறை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். மூலத்தை வெட்டிச் சுருக்க எனக்கு மனம் வராது.

அதியமான்கோட்டை: மூலத்தை யாரும் தொடவில்லை ஐயா, அது கணினியில் பத்திரமாக இருக்கிறது, நகலைத்தான் சுருக்குகிறோம். நெடுஞ்சாலை இரைச்சலில் ஃபிளாக்கின் நுட்பம் கேட்கிறது என்றால், ஃபூபார் மென்பொருளில் கண்மறைவுச் சோதனை செய்து பாருங்கள். எது எது என்று தெரியாமல் பத்து முறை கேட்டு, எத்தனை முறை சரியாகச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

தொப்பூர் மேடு: நான் பஸ்ஸில் கேட்பதில்லை. இரவு பத்து மணிக்குமேல், வீட்டில்.

காவேரிப்பட்டணத்தான்: மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஃபிளாக்கும் எம்பி3யும் பாடின. ஓபஸ் கோப்பு பட்டியலில்கூட வரவில்லை. வி0 எம்பி3யில் தானத்துக்கும் பல்லவிக்கும் இடையே வெட்டு விழத்தான் செய்கிறது. இன்னொன்று: மாமா கொடுத்த சில கச்சேரிகள் 128 கிலோபிட் எம்பி3யாகவே இருக்கின்றன. அவற்றை வி0-வாக மாற்றினால் தரம் கூடுமா?

பாலக்கோட்டுக்காரன்: கூடாது. போனது போனதுதான், மறுபடி சுருக்கினால் இன்னும் கொஞ்சம் போகும், கோப்பு மட்டும் பெரிதாகும். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ராகம், தானம், பல்லவி மூன்றையும் ஒரே கோப்பாக இணைத்துவிட்டுப் பிறகு எம்பி3 ஆக்குங்கள், வெட்டு விழ இடமே இருக்காது.

அதியமான்கோட்டை: பிளேயரின் மாடலைச் சொல்லுங்கள். பிளேயரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் ராக்பாக்ஸ் ஏறும் கருவி என்றால் ஓபஸும் பாடும்.

பாலக்கோட்டுக்காரன்: மனிதர் திங்கட்கிழமை பஸ்ஸில் பாட்டுக் கேட்க நினைக்கிறார். அதற்குள் கருவியின் மென்பொருளையே மாற்றச் சொல்கிறீர்களே!