ஐசிக்கு 'ஒற்றைக்கல் சுற்று' என்னும் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

டிரான்சிஸ்டர் முதலிய உறுப்புகள் ஒரே சிறு துண்டில் அமைந்த மின்சுற்றான ஐசிக்கு (integrated circuit) 'ஒற்றைக்கல் சுற்று' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். இப்போது வழங்கும் 'ஒருங்கிணைந்த சுற்று' பாடநூல்களில் நிலைத்துவிட்டது, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று பேராசிரியர் ஐயா நேற்றுக் கேட்டிருந்தார். நானும் அச்சொல்லைத்தான் சொல்லி வந்தேன், போன வாரம் வரை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய '555' என்னும் ஐசி ஒன்றின் கறுப்பு உறையை அரத்தால் ராவி, உள்ளே எள்ளளவில் மின்னும் துண்டை வகுப்பில் காட்டினேன். உருப்பெருக்கியில் பார்த்த மாணவி கேட்டாள்: "இதில் எதை எதோடு சேர்த்தார்கள் சார்? எல்லாம் ஒரே துண்டாக அல்லவா இருக்கிறது?"

அவள் கேட்டது சரி. ஒருங்கிணைப்பு என்றால் தனித்தனியாக இருந்தவை ஒன்றுசேர்ந்தன என்றுதான் நம் காதில் விழுகிறது. ஒருங்கிணைப்புக் குழு என்கிறோம் அல்லவா? ஐசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரும் மின்தடையும் ஒருநாளும் தனியே இருந்ததில்லை.

1958 செப்டம்பர் 12 அன்று டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜாக் கில்பி இயக்கிக் காட்டிய முதல் ஐசியில், ஜெர்மானியம் என்னும் தனிமத்தின் துண்டிலேயே உறுப்புகள் ஓருடலாக இருந்தன. அவற்றைக் கோத்த பொன் கம்பிகள்தாம் வெளியே வளைந்து நின்றன. 1959இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தில் ஜான் ஹோர்னி, சிலிக்கன் மேல் வளரும் ஆக்சைடு படலத்தை அகற்றாமல் காப்பாக விட்டுவைக்கும் சமதள முறையை உருவாக்கினார். அந்தப் படலத்தின் மீதே அலுமினியத்தைக் கோடுகளாகப் படியவைத்து உறுப்புகளை இணைக்கலாம் என்று கண்டார் அதே நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ். அத்தோடு கம்பியும் போயிற்று.

இதற்குச் சொல் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மாமல்லபுரத்து ரதங்களை ஒற்றைக்கல் ரதங்கள் என்றுதானே சொல்கிறோம்? அங்கே தூணை வேறிடத்தில் செதுக்கிக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. தூணும், அதன் அடியில் அமர்ந்த சிங்கமும், மேலே கூரையும் அதே பாறைதான். ஆங்கிலத்திலும் இவ்வகைச் சுற்றுக்கு இடும் 'monolithic' என்னும் அடைமொழி, 'ஒரு கல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. சிலிக்கன் கல்லாகுமா என்று தயங்க வேண்டாம். குவார்ட்சு கல்லிலிருந்துதான் அதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

'chip' என்பதற்கு வழங்கும் 'சில்லு' அப்படியே இருக்கட்டும். வட்டமான சிலிக்கன் தகட்டிலிருந்து அறுத்தெடுத்த துண்டுக்குத் தேங்காய்ச் சில்லு போல அது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அது துண்டின் பெயர், சுற்றின் பெயர் அன்று.

இன்னொன்றும் இருக்கிறது. தனித்தனியே செய்த பல சில்லுகளை ஒரே உறைக்குள் பக்கம்பக்கமாகவும் அடுக்கடுக்காகவும் வைத்து இணைக்கும் முறை இப்போது பரவி வருகிறது. 'ஒருங்கிணைந்த' என்பது அதற்கல்லவா பொருந்தும்? ஐசிக்கே அச்சொல்லைச் செலவழித்துவிட்டால் அந்த முறைக்கு எந்தச் சொல்லைத் தருவோம்?