சமையலுக்கு கார்னேஷன்: எந்த ரகம், எப்படி வளர்ப்பது?

குன்னூர் மாடித்தோட்டம்:
தொட்டியில் கார்னேஷன் வைத்து சாலட், சிரப்புக்கு இதழ் எடுக்க ஆசை. எந்த ரகம் நல்லது? பொக்கே பூவையே கழுவிப் போட்டால் ஆகாதா? கசக்கும் என்கிறார்களே?

மலைநாற்று:
பொக்கே பூ வேண்டவே வேண்டாம். பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் கூடாரத்தில்) இலைப்பேன், செஞ்சிலந்திப் பூச்சிகளுக்கு மருந்து அடிப்பார்கள். வெட்டிய பூ வாடாமலிருக்க சில்வர் தயோசல்பேட் என்ற வெள்ளி கலந்த ரசாயனக் கரைசலில் காம்பை நிறுத்துவதும் உண்டு. அது பூவுக்குள் ஏறிவிடும், கழுவினால் போகாது. மணமும் சொற்பம்.

விதை போட்டு வளர்க்கும் ரகங்களில் ஷாபோ, கிரெனடின் இரண்டுக்கும் கிராம்பு வாசனை உண்டு. ஷாபோ ஐந்தாறு மாதத்தில் பூக்கும், முதலில் அதையே வையுங்கள். கிரெனடினுக்குப் பொறுமை வேண்டும்.

நீலகிரி மண் புளிப்பு, கார்னேஷனுக்கு பி.எச். (புளிப்பு-காரத்தைக் காட்டும் அளவு; 7-க்குக் கீழே புளிப்பு) 6.5 முதல் 7.5 வரை தேவை. மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் சம பங்கு. 12 அங்குலத் தொட்டிக்கு புளிப்பைக் குறைக்க இரண்டு மேசைக்கரண்டி டோலமைட் (ஒருவகைச் சுண்ணாம்புக்கல் தூள்). விதை மேல் 3 மி.மீ. மண் போதும். ஆறு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை வெடிக்கும்.

வேர்முடிச்சு:
டோலமைட்டை அள்ளிக் கொட்டாதீர்கள். பி.எச். ஏறினால் செடிக்குப் போரான் என்ற நுண்சத்து கிடைக்காது, மொட்டின் பச்சை உறை பிளக்கும். பகல் வெயில், இரவுக் குளிர் என்று மாறி மாறி அடித்தாலும் அப்படித்தான். சமையலுக்கென்றால் பிளந்த பூவும் பரவாயில்லை.

பயப்பட வேண்டியது ஃபியூசேரியம் வாடல் என்ற பூஞ்சை நோய். செடியின் ஒரு பக்கம் மட்டும் வெளிறித் தொங்கும். தண்டை அறுத்தால் பழுப்புக் கோடு தெரியும். மருந்து தேடாமல் மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். நாற்றை ஆழமாகப் புதைத்தால் தண்டின் அடி அழுகும், அது வேறு கதை.

அடுப்படி:
கசப்பு இதழின் அடியிலுள்ள வெள்ளைப் பகுதியில் இருக்கிறது. இதழ்களைக் கொத்தாகப் பிடித்து உருவி, அடியைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். இலை, தண்டு, பச்சை உறை வேண்டாம்.

சிரப்புக்கு ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின் ஒரு கப் இதழ் போட்டு இரவு முழுக்க மூடி வையுங்கள். இதழோடு கொதித்தால் வாசனை பறந்துவிடும். வடிகட்டி அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு எடுப்பாக வரும்.

குன்னூர் மாடித்தோட்டம்:
இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

மலைநாற்று:
மொட்டு நிறம் காட்டும் வரை அடிக்கலாம். அதற்குப் பிறகு அடித்தால் இதழே கசக்கும். நீல ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள்; பறித்த பூவை உப்புத் தண்ணீரில் அலசுங்கள்.